யாரும் தோற்காத மேசை

ஜூலை 2, புதன்

கையெல்லாம் மேசைக்கு வார்த்த ரெசின் பசை. தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், சாம்பல் என்று வரிசையாகப் போட்டுத் தேய்த்தாயிற்று, போகிற வழியாக இல்லை. அதே கையால்தான் மத்தியானம் சோறு சாப்பிட்டேன், அதே கையால்தான் இதை எழுதுகிறேன். குமட்டிக்கொண்டு வருகிறது.

இன்றைக்கு டைரக்டர் நான் செய்துகொண்டிருக்கும் கடல் மேசையைப் பார்க்க வந்தார். இந்தக் கடலோர அறிவியல் கூடத்துக்கு அவர் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒர்க்ஷாப்பில் கால் வைத்தது இன்றைக்குத்தான். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே, "திருமலையப்பன், இதை எப்படி விளையாடறது?" என்றார். எட்டு மாதமாக நான் அனுப்பிய வரைபடம், குறிப்பு, ஒன்றையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிட்டது.

சொன்னேன். மேசை நடுவில் நம் கடற்கரை. துறைமுகம், உப்பளம், உப்போடை கடலில் சேரும் வாய், அதன் ஓரத்தில் சங்குமேடு குப்பம், நெடுஞ்சாலை தாண்டி செம்மணல் தேரிமேடு. ஒவ்வோர் உயரமும் அளந்து வைத்தது. சுற்றி நாலு பேர், ஆளுக்கொரு சக்கரம். ஒருவருக்கு மின்சாரம், ஒருவருக்கு வண்டி வாகனம், ஒருவருக்கு அலையாத்திக் காடு, ஒருவருக்குக் குளம் குட்டை. கரிப்புகை கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் கடல் நீர் விரிந்து உப்பும், எங்கோ பனி உருகும், இங்கே மேசையில் தண்ணீர் ஏறும். தீப்பெட்டி அளவில் ஒரு மரப் பள்ளிக்கூடம் உண்டு. அதை எங்கே வேண்டுமானாலும் நடலாம். உள்ளே பல்பு, தண்ணீர் தொட்டால் அணையும். ஒரு சுற்றுக்குப் பத்து வருஷம், மொத்தம் எட்டுச் சுற்று. கடைசியில் பல்பு எரிந்தால் ஜெயம்.

"அமைச்சர் விளையாடினா?"

"எல்லாரும் முதல் தடவை தோப்பாங்க சார். தோத்த பிறகுதான் நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பேசுவாங்க. அதுதான் பாடமே."

"அவர் தோக்கக் கூடாது. அப்புறம், ஆடி பிறக்கறதுக்குள்ள திறந்துடணும். ஆடியில திறந்தா அமைச்சர் வரமாட்டார்."

அறிவியல் கூடம்! ஆடிக்குப் பயந்து ஓடுகிறது. தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் கையில் ரெசின்.

ஜூலை 3, வியாழன்

ரெசின் போகவில்லை. வீட்டில் சாக்கடையும் அடைத்துக்கொண்டது.

ஜூலை 5, சனி

சங்குமேடு தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரை எஸ்தர் வசந்தா டீச்சர் கூட்டிவந்தார். அவர்தான் அங்கே தலைமை ஆசிரியை. திறப்பதற்கு முன்னால் பிள்ளைகளை விட்டு ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். பிள்ளைகள் கைபட்டால் தாங்காத சாமான் எந்தக் கையிலும் தாங்காது.

முதல் ஆட்டம் ஐந்தாவது சுற்றிலேயே முடிந்தது. பள்ளிக்கூடத்தை நேராக உப்போடை வாயில் கொண்டுபோய் நட்டார்கள், அவர்கள் பள்ளி இப்போது அங்கேதானே இருக்கிறது. தண்ணீர் ஏறி, பல்பு அணைந்தது. அதற்குப் பிறகு காது கிழிந்தது.

"ஏல, ஒன் காரை நிப்பாட்டுல! ஸ்கூலு முங்குது!"

"நீ மட்டும் கரன்ட நிப்பாட்டுனியோ? பெருசா பேச வந்துட்டா!"

பதினோரு முறை விளையாடினார்கள். ஒன்பதாவது முறை ஒரு சிறுமி மரப் பள்ளிக்கூடத்தைப் பிடுங்கி தேரிமேட்டில் நட்டாள். பத்தாவதில் நாலு பேரும் சக்கரத்தைத் தொடுவதற்கு முன் தலையைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். பதினோராவதில் பல்பு எரிந்தது. கூடத்தின் காவலாள் பேச்சிமுத்து ஓரமாக நின்று கை தட்டினான். நானும் தட்டியிருப்பேன், கையில் ஸ்பானர் இருந்தது.

டீச்சர் போகும்போது ஒரு விஷயம் சொன்னார். பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்ட அனுமதி வந்திருக்கிறதாம். இரண்டு இடம். ஒன்று ஓடைவாய்ப் புறம்போக்கு, இன்னொன்று தேரிமேடு. எங்கே வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டுக் கொடுக்க வேண்டும்.

"நான் மேட்டுலதான் கட்டணும்னு சொல்லுதேன் சார். டீச்சர் வீடு மேட்டுப் பக்கம், அதான் அங்க இழுக்காவன்னு பேசுதாவ. யாரும் காதுல வாங்க மாட்டேங்காவ."

"நீங்க வாயவே திறக்காதீங்க டீச்சர். குழுவ இங்க கூட்டிட்டு வாங்க. மேசை பேசும்."

சொல்லும்போது எனக்கே நன்றாக இருந்தது.

ஜூலை 9, புதன்

விஐபி சுவிட்ச் வைத்தாயிற்று.

இதைப் பற்றி எழுதவே அசிங்கமாக இருக்கிறது. பதினான்கு வருஷத்துக்கு முன் இங்கே ஒரு கம்பி விளையாட்டு இருந்தது. வளையத்தைக் கம்பியில் படாமல் நகர்த்த வேண்டும், பட்டால் மணி அடிக்கும். திறப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் கையில் அது ஓயாமல் அடித்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போதைய டைரக்டர் மறு மாதமே மாற்றலில் போனார். அன்றிலிருந்து எந்த விளையாட்டுச் சாமான் செய்தாலும், பெரிய மனுஷர் தோற்காமல் இருக்க ஒரு ரகசிய சுவிட்ச் வைப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. இந்தக் கேவலத்தை முதலில் யார் ஆரம்பித்தார்களோ, தெரியவில்லை.

மேசைக்கு அடியில், பலகைக்குப் பின்னால், சின்னப் பெட்டி. சாவி போட்டுத் திருகினால் ஒரு வால்வு திறக்கும். பம்ப் எவ்வளவு ஏற்றினாலும் இரண்டாவது கோட்டைத் தாண்டிய தண்ணீர் சத்தமில்லாமல் கீழ்த் தொட்டிக்கே போய்விடும். நிலக்கரியை மலையாகக் கொட்டினாலும் பள்ளிக்கூடம் நனையாது. வேலை என்னவோ சுத்தம். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஜூலை 14, திங்கள்

திறப்பு விழா. திங்கட்கிழமை கூடத்துக்கு விடுமுறை, அதனால் பொதுமக்கள் தொந்தரவு இல்லை என்று டைரக்டருக்கு ஏக சந்தோஷம். பொதுமக்கள்தான் தொந்தரவு!

அமைச்சர் வந்தார், மின்சாரச் சக்கரத்தைப் பிடித்தார், மனுஷர் அதை முடிந்தமட்டும் திருகினார். கூட நின்ற மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தத்தம் சக்கரத்தைச் சுழற்றினார்கள். ஒருவர் காட்டை முழுக்க அழித்துவிட்டார், அதுகூட அவருக்குத் தெரியாது. மரப் பள்ளிக்கூடம் ஓடைவாயில், தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து ஜொலித்தது. எட்டுச் சுற்றும் முடிந்தது. "அண்ணன் கை பட்டா கடலே அடங்கிப் போகுது!" என்று ஒருத்தன் கத்தினான். கைத்தட்டல். தூ.

பிறகு பொன்னாடை. டைரக்டருக்கு, அவர் மனைவிக்கு, பந்தல்காரருக்கு, ஜெனரேட்டர்காரருக்கு. என் பெயரைக் கூப்பிடவே இல்லை. இரண்டு வருஷம் அந்த மேசைக்குக் கீழே படுத்துக் கிடந்தவன் நான், மூன்றாவது வரிசையில் நாற்காலி. பிரியாணியைக் கண்டாலே எரிந்தது. அமைச்சரின் வண்டி கிளம்புவதற்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த மேசை இனி எக்கேடு கெட்டால் எனக்கென்ன.

ஜூலை 16, புதன்

சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையிலிருந்து ஒரு சாவி விழுந்தது, எங்கே வைக்க என்று மனைவி கோமதி கேட்டாள். அலமாரியில் போடு என்றேன். ரசத்தில் உப்பு அதிகம்.

ஜூலை 22, செவ்வாய்

பேச்சிமுத்துவுக்கு வயது நாற்பதைத் தாண்டியாயிற்று, ஒன்பது வருஷமாக ஒப்பந்தத்தில் இருக்கிறான். நல்ல மனுஷன்தான். ஆனால் இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறான். இன்று எனக்கே பாடம் நடத்தினான்.

"சார், ஒரு வாரமா ஒருத்தரும் தோக்கல."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? டீச்சர் கூட்டியாந்த பிள்ளைகள் எப்பிடி சண்ட போட்டுச்சு, எப்பிடி பேசுச்சு! இப்பம் வாரதுவ கரன்ட முழுசா திருகி விட்டுட்டுச் சிரிக்குதுவ. ஒரே ஆட்டந்தான், போயிருதுவ. ஒருக்கா வந்து பாருங்க சார்."

ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன், எரிச்சலாக வந்தது. நாளைக்குப் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டேன். ரிப்போர்ட்டில், 'வருகிற குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் முறையிலேயே வெற்றி பெறுகிறார்கள், காட்சிப்பொருள் எளிதில் புரிகிறது' என்று எழுதினேன். டைரக்டர் அதன் கீழே அடிக்கோடு போட்டு 'மிக நன்று' என்று எழுதி அனுப்பினார். அவருடைய 'மிக நன்று' எனக்கு எதற்கு?

ஜூலை 25, வெள்ளி

கோமதி வீட்டுக் கோயில் கொடை. கோவில்பட்டிக்கு மேற்கே, பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். கறிச்சோற்றில் கல். என் கொழுந்தியாள் மகன் காது பக்கத்தில் ஸ்பீக்கரைக் கட்டியிருக்கிறான்.

காலையில் எஸ்தர் டீச்சர் போன் பண்ணினார். இன்று மூன்று மணிக்குக் குழுவை மேசைக்குக் கூட்டிப் போகிறாராம், நான் இருந்தால் நல்லது என்றார். "நான் எதுக்கு டீச்சர், மேசை இருக்கே" என்றேன். போனை வைத்த பிறகு என்னவோ உறுத்தியது. என்னவென்று யோசிப்பதற்குள் வில்லுப்பாட்டு ஆரம்பித்துவிட்டது.

ஜூலை 28, திங்கள்

டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். கோமதி கொடுத்த காபி ஆறிப் போயிற்று, அவர் தொடவில்லை.

நடந்தது இது. குழுத் தலைவி சகாயராணி, டெய்லரிங் செய்கிறவள், மகள் மூன்றாம் வகுப்பு. அவளும் இன்னும் பதினோரு பேரும் வந்திருக்கிறார்கள். டீச்சர் நான் சொன்னபடி வாயே திறக்கவில்லை. சகாயராணி மரப் பள்ளிக்கூடத்தை ஓடைவாயில் நட்டாள். விளையாடினார்கள். பல்பு எரிந்தது. நம்பாமல் இன்னொரு தடவை, எரிந்தது. மூன்றாம் தடவை வேண்டுமென்றே எல்லாச் சக்கரத்தையும் தாறுமாறாகத் திருகினார்கள். அப்போதும் எரிந்தது.

"சகாயராணி என்னப் பாத்துச் சொன்னா சார். 'பாத்தியளா டீச்சர், நீங்க கூட்டிட்டு வந்த எடத்துலயே எங்க எடந்தான் தங்குது.' அன்னைக்குச் சாயங்காலமே தீர்மானம் போட்டாவ. ஓடைவாயிலயே கட்டணும்னு. பன்னெண்டு பேர்ல பதினோரு பேர் கையெழுத்து."

அவளுக்கு ஒரு காரணமும் இருக்கிறது, லேசில் தள்ள முடியாத காரணம். மேட்டுக்குப் போக நெடுஞ்சாலையைத் தாண்ட வேண்டும். போன வருஷம் உப்பு லாரி அடித்து அவள் தங்கை மகன் அந்த ரோட்டில் செத்தான். 'தண்ணி வருமோ வராதோ, லாரி தெனம் வருது' என்பதுதான் அவள் பேச்சு. தண்ணீர் வரும் என்று காட்டத்தான் டீச்சர் இங்கே கூட்டிவந்தார்.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் தீர்மானத்தை வாசிப்பார்களாம். வாசித்துவிட்டால் மாற்ற முடியாது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் கடைக்கால் தோண்டுவார்கள்.

"சார், நெசத்தச் சொல்லுங்க. அந்த மேசை சரியாத்தான வேல செய்யுது?"

"சரியாத்தான் டீச்சர் செய்யுது."

வேறு என்ன சொல்வது? நான் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாதே.

ஜூலை 29, செவ்வாய்

கூடம் திறப்பதற்கு முன்னால் போய், பலகையைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தேன். விஐபி சுவிட்ச் போட்டபடியே இருக்கிறது. பதினைந்து நாளாக!

யாரோ அதை அணைக்காமல் விட்டிருக்கிறார்கள். இந்த நாட்டில் எடுத்த வேலையை முழுசாக முடிக்கிற ஆள் ஒருத்தன் கிடையாது. அணைத்துவிட்டு, பலகையை மாட்டிவிட்டு எழுந்தேன். பேச்சிமுத்து அந்தப் பக்கம் தரை துடைத்துக்கொண்டிருந்தான். பார்த்திருக்க மாட்டான்.

ஜூலை 31, வியாழன்

இரண்டு நாளாகப் பிள்ளைகள் தோற்கிறார்கள். எஸ்தர் டீச்சருக்கு எப்படியோ காற்று வாக்கில் செய்தி போய்விட்டது. 'வெள்ளிக்கிழமை ஜெயித்த மேசையில் புதன்கிழமை எப்படித் தோற்கிறார்கள்?' என்று கேட்டு டைரக்டருக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்.

டைரக்டர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். "சுவிட்ச் ஆன்ல இருந்ததா?"

"இருந்தது சார்."

"யாரோட வேலை இது?"

"கேலரிக்குப் பேச்சிமுத்துதான் பொறுப்பு."

இதில் பொய் ஏதும் இல்லை. கேலரிக்கு அவன்தான் பொறுப்பு. டைரக்டர் உடனே அவனுக்கு மெமோ அடிக்கச் சொன்னார், பரிந்துரை என்ற இடத்தில் என் கையெழுத்து. ஓய்வு பெற எனக்கு இன்னும் பத்தொன்பது மாதம் இருக்கிறது. மத்தியானம் சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்கிறது. கேன்டீன் எண்ணெய் சரியில்லை.

ஆகஸ்ட் 2, சனி

பேச்சிமுத்து பதில் கொடுத்துவிட்டான். டைரக்டர் படித்துவிட்டு என்னிடம் தள்ளினார். அப்படியே எழுதுகிறேன்: 'அந்தப் பெட்டிக்கு ஒரே சாவி. அது என்னிடம் கிடையாது. யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வயதில் மூத்தவர் என்பதால் பெயர் எழுதவில்லை.'

என்ன திமிர் பார். பெரிய உபகாரி!

பதினோரு மணிக்கு வழக்கம்போல டீ கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். "சீனி கம்மியாத்தான் போட்டிருக்கு சார்" என்றான். ஆறவிட்டுக் கீழே கொட்டினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பால் திரிந்துவிட்டது. கடைக்குப் போய் வேறு பால் வாங்கி வந்தேன். கோமதி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு அலமாரியில சாவியத் தேடித் தேடி எடுத்துட்டுப் போனீங்களே, அந்த வேல முடிஞ்சுதா?"

"ம்."

"எஸ்தர் டீச்சர் வந்து உக்காந்திருந்தாவல்லா, நான் அடுப்படியில இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த சுவிட்ச நீங்கதான கண்டுபிடிச்சீங்க? கம்பி வெளையாட்டு வந்த வருசம். 'இனிமே எந்தப் பெரிய மனுசனும் தோக்க மாட்டான்'னு சொல்லி அல்வா வாங்கிட்டு வந்தீங்களே. மூத்தவளுக்கு அப்பம் பத்து வயசு. அவகூடக் கேட்டா, 'அப்பம் அது ஏமாத்து வெளையாட்டுல்லாப்பா?'ன்னு."

எனக்கு அப்படியொன்றும் ஞாபகம் இல்லை என்றேன். கோமதி தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாபகம் இருக்கிறது. இருட்டுக்கடைப் பக்கம் வரிசையில் நின்று வாங்கிய அல்வா.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

டைரக்டர் வழி கண்டுபிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை குழுவை மறுபடி வரவழைக்க வேண்டும். போன தடவை பம்ப் கோளாறு, இப்போது சரிசெய்தாயிற்று என்று நான் சொல்ல வேண்டும். அவர்கள் விளையாடித் தோற்பார்கள், மேடு என்று தீர்மானத்தை மாற்றுவார்கள். டீச்சருக்குத் திருப்தி, அமைச்சர் பெயர் எங்கேயும் வராது.

"பேச்சிமுத்து?"

"மாசக் கடைசியோட ஒப்பந்தம் முடியுது. புதுப்பிக்க வேண்டாம். ஃபைல்ல ஒரு ஆள் இருக்கணும் இல்லையா?"

தலையாட்டிவிட்டு வந்தேன். வராந்தாவில் அவன் பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தான். "தள்ளாதீங்க மக்கா, மேசை எங்கயும் ஓடிராது." பக்கத்துக் குழாயில் முகம் கழுவினேன். கண்ணாடியில் பார்க்கச் சகிக்கவில்லை. என் மூஞ்சியே எனக்குக் கரப்பான்பூச்சி மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பத்தரைக்கு வந்தார்கள். சகாயராணியும் குழுவும், கூடவே பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். எஸ்தர் டீச்சர் பின்னால் தள்ளி நின்றார், என்னைப் பார்க்கவில்லை. டைரக்டர் எல்லோருக்கும் குளிர்பானம் கொடுத்தார். பேச்சிமுத்து கேலரி வாசலில்.

நான் பம்ப் கதையைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன், நாற்பது வருஷ அனுபவம். விளையாடினார்கள். ஓடைவாயில் நட்ட பள்ளிக்கூடம் ஐந்தாவது சுற்றில் முங்கியது. மறுபடி விளையாடினார்கள், ஆறாவது சுற்றில் முங்கியது.

சகாயராணி சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள். ஒல்லியான பெண், குரல் மட்டும் கணீரென்று.

"சார், இத நாங்க நம்பணுமாக்கும்?"

"பம்ப் சரியாயிடுச்சும்மா, அதான்..." என்றார் டைரக்டர்.

"அன்னைக்கு எங்க கையால வெளையாண்டோம். மூணு தடவ. மூணு தடவையும் பல்பு எரிஞ்சுது, எங்க கண்ணால பாத்தோம். டீச்சருக்குப் புடிக்கல. இப்பம் கூப்ட்டு வச்சு, கலரு குடுத்து, தோக்க வைக்கிய. பிள்ளையளுக்குக் காட்டுத வித்தைய எங்ககிட்டக் காட்டுதியளோ? பம்ப நீங்கதான சார் செஞ்சிய? எப்பிடி வேணும்னாலும் செய்வீய." குழுவைப் பார்த்தாள். "வாங்க போவோம். தீர்மானம் தீர்மானந்தான்."

எழுந்துவிட்டார்கள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. இரண்டு ஆட்டத்தில் எது பொய் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கையால் தொட்டுப் பார்த்தால் மனசில் நிற்கும் என்று நாற்பது வருஷமாகச் சாமான் செய்தேன். நின்றுவிட்டது. பொய்யும் அதே மாதிரிதான் நிற்கிறது.

பிள்ளைகள் இன்னும் மேசையைச் சுற்றியே நின்றார்கள். சகாயராணி மகள் மரப் பள்ளிக்கூடத்தைக் கையில் எடுத்து, பாவாடையில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் அந்த ஓடைவாயில் இருநூறு பிள்ளைகள் நிஜக் கட்டடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்.

"நில்லுங்க" என்றேன்.

"திருமலையப்பன்," என்றார் டைரக்டர் மெதுவாக.

நான் கீழே உட்கார்ந்தேன். முழங்கால் சடக்கென்றது. பலகையைக் கழற்றினேன், சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். "சகாயராணியம்மா, இங்க வாங்க. குனிஞ்சு பாருங்க. இதுதான் சுவிட்ச். இதைப் போட்டா யாரும் தோக்க மாட்டாங்க. போடுறேன், விளையாடுங்க."

பிள்ளைகள்தான் சக்கரத்தைப் பிடித்தார்கள், அவர்களுக்கு விளையாட்டு என்றால் போதும். தண்ணீர் இரண்டாவது கோட்டிலேயே நின்றது. பல்பு எரிந்தது. சுவிட்சை அணைத்தேன். முங்கியது. போடச் சொன்னாள், போட்டேன். அணைக்கச் சொன்னாள், அணைத்தேன். நாலு முறை. கடைசித் தடவை தானே குனிந்து, தானே திருகிப் பார்த்தாள்.

"இது எதுக்கு சார் வச்சிருக்கு?"

"திறப்பு விழாவுக்கு அமைச்சர் வந்தாரும்மா. அவர் தோக்கக் கூடாதுன்னு."

"மந்திரி தோக்கக் கூடாது." ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அதுக்காவ எங்க பிள்ளைய முங்கணுமாக்கும்."

"அன்னைக்கே அணைச்சிருக்கணும். அணைக்கல."

"யாரு அணைக்கல?"

டைரக்டர் தொண்டையைக் கனைத்தார். "விசாரணை நடந்துட்டு இருக்கும்மா. சம்பந்தப்பட்ட ஊழியருக்கு மெமோ கொடுத்தாச்சு." அவர் கண் வாசல் பக்கம் போனது. எல்லோரும் திரும்பிப் பேச்சிமுத்துவைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

சகாயராணி அவனையும் பார்த்தாள், என் கையிலிருந்த சாவியையும் பார்த்தாள். நேராக வாசல் மேசைக்குப் போய், பார்வையாளர் கருத்துப் பதிவேட்டை எடுத்துவந்தாள். பிரித்து என் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க சார்."

"நீங்கதான் எழுதணும், அது பார்வையாளர்..."

"நான் எழுதுனா குப்பத்துக்காரி எழுதுனான்னு தூக்கிப் போட்டுருவாவ. நீங்க எழுதுங்க, நான் சொல்லுதேன். கீழ நாங்க பன்னெண்டு பேரும் கையெழுத்துப் போடுதோம். கிராம சபையில இத வாசிப்பேன்."

பேனாவைத் திறந்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

'ஜூலை இருபத்தைந்து அன்று இந்த மேசையில் நாங்கள் ஜெயித்தோம். அது பொய். அமைச்சர் தோற்கக் கூடாது என்று வைத்த சுவிட்சை அணைக்காமல் விட்டதால் ஜெயித்தோம். அது தெரியாமல் ஓடைவாயில் பள்ளிக்கூடம் கட்டத் தீர்மானம் போட்டோம். அந்தத் தீர்மானத்தை ரத்து செய்கிறோம். பள்ளிக்கூடம் மேட்டில் கட்ட வேண்டும். எங்கள் பிள்ளைகளை லாரி அடிக்காமல் ரோட்டில் மேம்பாலம் கட்டித் தர வேண்டும். கட்டுகிற வரைக்கும் காலையும் மாலையும் ஒரு போலீஸ்காரர் நிற்க வேண்டும்.'

"சுவிட்ச அணைக்காம விட்டவர் பேரு," என்றாள். நிறுத்தினாள்.

டைரக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எஸ்தர் டீச்சர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். குளிர்பானத்தில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பொன்னாடை போடவில்லை என்று கோபித்துக்கொண்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேலே ஒன்றுமில்லை, சீ, அதற்கு மேலே ஒன்றுமேயில்லை.

எழுதினேன். இனிஷியலோடு, பதவியோடு. அதற்குக் கீழே, பேச்சிமுத்துவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவள் சொல்லாமலே நானாக ஒரு வரி எழுதினேன்.

"வாசிங்க," என்றாள்.

வாசித்தேன். என் பெயர் வந்த இடத்தில் குரல் உள்ளே போய்விட்டது.

"பிள்ளையளுக்குக் கேக்கல சார்," என்றாள் சகாயராணி. "சத்தமா."